செல்லையாவின் கழுத்துக்கு ஒரு நிமிட மௌனம்

வெள்ளவத்தை காலி வீதியில், ஒரு சேலைக்கடையின் மேல்மாடியில், அகில இலங்கைத் தொழில்முறை மல்யுத்த மேம்பாட்டுச் சம்மேளனம் இயங்கி வந்தது. இயங்கியது என்பதைச் சற்றுத் தாராளமாகத்தான் சொல்கிறேன். அதற்கு ஒரு தலைவர் இருந்தார். உபதலைவர்கள் இருந்தார்கள். போஷகர்கள் என்று ஒரு வரிசை, கௌரவ ஆலோசகர்கள் என்று இன்னொரு வரிசை. கொடி இருந்தது, எல்லாரும் எழுந்து நின்று பாட ஒரு கீதமும் இருந்தது. மல்யுத்தக்காரர் மட்டும் இல்லை. இதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. ஒரு வருடாந்தப் பொதுக்கூட்டத்தில், தேநீர் வருவதற்கு முன்னால், உறுப்பினர் ஒருவர் எழுந்து, "எங்களிட்ட ஆராவது மல்யுத்தம் செய்யிறவை இருக்கினமோ?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டார். அடுத்த நிர்வாகத் தெரிவில் அவரைக் குழப்பவாதி என்று நீக்கினார்கள். ஆனால் கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது. குறிப்பில் ஏறினால் அதற்கு நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும்.

அப்படி எடுத்த நடவடிக்கைதான் நிக்கலஸ்.

நிக்கலஸ் கொட்டாஞ்சேனைக்காரன். கொச்சிக்கடையில், துறைமுக மதிலுக்குப் பக்கத்துக் களஞ்சியசாலை ஒன்றில் டெலிவரி கிளார்க். நல்ல உயரம், பூசை நேரத்தில் அவன் முன்னுக்கு நின்றால் பின்னால் இருக்கிறவர்களுக்குப் பீடம் தெரியாது என்று தூணோடு ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள். நத்தார் பண்டிகைக் காலத்தில் வத்தளைப் பக்கம் போடும் கார்னிவல்களில் அவனும் செல்லையாவும் மல்யுத்தம் செய்வார்கள். செல்லையா மலையகத்திலிருந்து வந்து கிருலப்பனையில் குடியிருப்பவன். ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்குகிறவன்.

அவர்கள் செய்தது என்ன என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். சம்மேளனத்தில் கடைசிவரைக்கும் ஒருத்தருக்கும் விளங்காத விசயம் அது. ஒருவன் எறிவான், மற்றவன் விழுவான். யார் வெல்வது என்று முதலே கதைத்து வைத்திருப்பார்கள். அந்த அளவுக்கு அது பொய். ஆனால் விழுவது பொய்யில்லை. எறிகிறவன் கையை ஒரு கணம் பிந்தி விட்டாலும், முந்தி விட்டாலும், விழுகிறவனின் எலும்பு போய்விடும். செல்லையா விழுகிறவன். நிக்கலஸ் அவனைத் தலைக்கு மேல் தூக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான். "அண்ணே தூக்கினா பஸ்ஸில சீட் கெடைச்ச மாதிரி," என்பான். அவ்வளவு நம்பிக்கை.

இவர்கள் இருவரையும் சம்மேளனம் அரவணைத்துக்கொண்டது. அரவணைத்தது என்பது அவர்களுடைய சொல்.

தலைவரின் பெயர் விஸ்வகீர்த்தி கணேசானந்தன். விஸ்வகீர்த்தி என்பது பட்டம். அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்த சங்கத்துக்கும் அவர்தான் தலைவர் என்பதால், அது கிடைப்பதில் அவருக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. அவர் நிக்கலஸைத் தன் மேசைக்கு முன்னால் நிறுத்தி, கார்னிவலில் என்ன பெயரில் சண்டை பிடிக்கிறீர் என்று கேட்டார்.

"பேர் ஒண்டுமில்லை சேர். நிக்கலஸ் எண்டுதான் கூப்பிடுவாங்க."

"பேர் இல்லாமல் ஒரு சம்பியனோ?" என்று தலைவர் வருத்தப்பட்டார். உடனே பெயர்சூட்டும் உபகுழு ஒன்று அமைந்தது.

உபகுழுவில் தமிழ்ப் பற்றுள்ள ஒரு பெரியவர் இருந்தார். அவர் பழக்கதோஷத்தில், "வேங்கை எண்டு வைப்பம்," என்றார். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்துபோய் அதைச் சாத்திவிட்டு வந்தார். பெரியவர் தான் சொன்னதைத் தான் சொல்லவில்லை என்று குறிப்பில் பதியும்படி கேட்டுக்கொண்டார். சிங்கம் என்றார் இன்னொருவர். அது எங்களுடையதில்லை, கேட்டுத்தான் எடுக்க வேண்டும், யாரிடம் கேட்பது என்றும் தெரியாது என்று அதுவும் விடப்பட்டது. யானை ஒரு கட்சியின் சின்னம். மயில் முருகனுடையது; நிக்கலஸ் வேதக்காரன். புறா என்றால் வேதக்காரர்கள் கோபிப்பார்கள். எருது நந்தியாகிவிடும். உயிருள்ளது எதுவும் வேண்டாம் என்று முடிவாயிற்று. உயிரில்லாதவற்றுக்கு வந்தால் கதிரை, வீடு, சைக்கிள், வெற்றிலை என்று எல்லாவற்றையும் கட்சிகள் எடுத்து முடித்திருந்தன. மாணிக்கம் மட்டும் எந்தக் கட்சிக்கும் எந்தச் சமயத்துக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. அப்படித்தான் நிக்கலஸ் 'மாணிக்கக் கோமான்' ஆனான்.

எதிரிக்குப் பெயர் வைப்பதுதான் கஷ்டமாகப் போயிற்று. எதிரி தோற்கிறவன், கெட்டவன். அவன் இந்துவாக இருக்கக்கூடாது என்று ஒரு உபதலைவர் சொன்னார். முஸ்லிமாக இருந்தால் தான் விலகுவதாக இன்னொருவர் சொன்னார். கத்தோலிக்கர் என்றால் பங்குத்தந்தையிடம் கேட்க வேண்டும். சிங்களவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதை நினைத்தவர் கூட நினைத்ததை வெளியே காட்டவில்லை. மலையகமா, வடக்கா, கிழக்கா, கொழும்பா என்று வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தார்கள். எந்த ஊரும் கெட்டவனைத் தரச் சம்மதிக்கவில்லை. ஆகவே செல்லையாவுக்கு ஒரு கறுப்பு முகமூடியைக் கொடுத்து, 'இனந்தெரியாதவர்' என்று பெயர் வைத்தார்கள்.

"சரிங்க," என்றான் செல்லையா. "பேப்பர்ல சூட்டுச் செய்தியில அடிக்கடி வர்ற பேருதானே."

அதற்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

பிறகு விழாக்கள் தொடங்கின. சம்மேளனம் மல்யுத்தப் போட்டி நடத்தியதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது விழா நடத்தியது. மங்கள விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், கௌரவ அதிதிகள் உரை, பொன்னாடை போர்த்தல், பிரதம அதிதி உரை, அதற்குப் பிறகு 'மல்யுத்தம்' என்று ஒரு வரி, கடைசியில் நன்றியுரை. நன்றியுரைக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதிகூட மல்யுத்தத்துக்குக் கிடைக்காது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக நிக்கலஸ் பப்பரே வாத்தியம் முழங்க, பொன்னிறச் சப்பாத்தும், கன்னத்தில் ஜிகினாவும், பின்னால் நிலத்தில் இழுபடும் மேலங்கியுமாக வருவான். அந்த மேலங்கி அவனுக்குப் போர்த்திய பொன்னாடைகளால் ஆனது. ஒவ்வொரு விழாவிலும் ஒன்று விழும். அவனுடைய மனைவி றோஸி அதை முந்தினதோடு சேர்த்துத் தைப்பாள். வருடத்துக்கு வருடம் அது நீண்டுகொண்டே போயிற்று.

"இதைக் கொடியில காயப்போட ஏலாம இருக்கு," என்பாள் றோஸி. "ரோட்டால போற சனமெல்லாம் ஆருக்குக் கலியாணம் எண்டு கேக்குது."

தொடக்கத்தில் நிக்கலஸுக்கு இதெல்லாம் கூச்சமாகத்தான் இருந்தது. நான் அவனை முழுக்கக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மனிதன் எதற்கும் பழகிவிடுவான், பாராட்டுக்கு மற்ற எல்லாவற்றையும்விட வேகமாகப் பழகுவான். ஒலிவாங்கியில் "வெல்லற்கரிய வீரன்" என்று சொல்லச் சொல்ல, தான் வெல்வது முதலே கதைத்து வைத்த ஒன்று என்பது அவனுக்கு மறக்கத் தொடங்கியது. களஞ்சியசாலையில் யாராவது, "என்ன கோமான், பொய்ச் சண்டை எப்பிடிப் போகுது?" என்று பகிடிக்குக் கேட்டால் முன்பெல்லாம் தானும் சேர்ந்து சிரிப்பவன், இப்போது முகம் சிவந்து, அன்று முழுக்க ஒருத்தரோடும் கதைக்க மாட்டான். அந்த ஒரு சொல் அவனுக்கு ஆகாமல் போயிற்று. பொய் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

செல்லையா விழுந்துகொண்டே இருந்தான். அவனுக்குப் பொன்னாடை கிடையாது. இனந்தெரியாதவருக்கு எப்படிப் பொன்னாடை போர்த்துவது என்று விதிகளில் இல்லை.

போன வருடம் ஒரு விழாவில், பிரதம அதிதியின் கதிரை மேடையில் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் தாழ்வாகத் தெரிகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். செயலாளர் தயாபரன் உடனே கோதாவின் கம்பளத்துக்குக் கீழே கிடந்த ஸ்பொஞ்ச் மெத்தைகளை உருவி எடுப்பித்து, அவற்றை மடித்து அதிதிகளின் கதிரைகளுக்குக் கீழே கொடுத்தார். இதை நிக்கலஸுக்கும் சொல்லவில்லை, செல்லையாவுக்கும் சொல்லவில்லை. அன்று செல்லையா வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, வெறும் பலகையில் விழுந்தான்.

அதற்குப் பிறகு அவனுக்குக் கழுத்தைத் திருப்ப முடியாமல் போயிற்று. படம் எடுத்துப் பார்த்த டொக்டர், கழுத்தெலும்பு ஒன்று நரம்பை நெருக்குகிறது, இன்னொரு தரம் விழுந்தால் கை இரண்டும் இழுத்துவிடும் என்று சொன்னார். செல்லையா முகமூடியை மடித்து வைத்துவிட்டு, கடையில் மூட்டை தூக்காமல் ஆணி நிறுத்துக் கொடுக்கும் வேலைக்கு மாறினான். கதை இத்தோடு முடிந்திருந்தால் நல்லது.

சம்மேளனம் மாணிக்கக் கோமானுக்கு ஒரு பாராட்டுப் பெருவிழா எடுக்கத் தீர்மானித்தது. பிரதம அதிதி தண்ணீர்த் தாங்கி இறக்குமதி செய்யும் ஒரு பெரியவர். சிறப்பு மலர் ஒன்றும் வெளியிடுவதாக முடிவு. அதில், கோமான் தன் பரம எதிரியான இனந்தெரியாதவரைத் தலைக்கு மேல் தூக்கிக் குப்புற எறிந்து வென்ற காட்சி முழுப்பக்கப் படமாக அச்சாகியிருந்தது. விழாவே இன்னும் நடக்கவில்லை. பழைய படங்களை வெட்டி ஒட்டி ஸ்டூடியோக்காரன் செய்த வேலை. கீழே, "நிலம் அதிர்ந்தது, அரங்கம் எழுந்து நின்றது," என்று வேறு எழுதியிருந்தார்கள்.

நிக்கலஸ் செல்லையாவையும் கூட்டிக்கொண்டு சேலைக்கடை மாடிக்குப் போனான். செயற்குழு முழுவதும் கூடியிருந்தது. நிக்கலஸ் டொக்டர் சொன்னதைச் சொன்னான். செல்லையாவை எறிய ஏலாது, சும்மா ஒரு பிடி பிடித்து வென்றதாகக் காட்டிவிடலாம் என்று கேட்டான். அவனால் இயன்ற அளவுக்குப் பணிவாகத்தான் கேட்டான்.

விஸ்வகீர்த்தி எழுந்தார். உட்கார்ந்திருந்து பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

"நிக்கலஸ், உம்மட கவலைதான் எங்கட கவலையும். கழுத்து எண்டது சாதாரணமான ஒண்டில்லை. தலையையும் உடம்பையும் சேர்த்து வைக்கிறது அதுதான். இந்தச் சம்மேளனத்திலை நான் தலை எண்டால், நீங்கள் எல்லாரும் உடம்பு. அப்ப கழுத்து ஆர்? எங்கட செயலாளர்." தயாபரன் தலையைக் குனிந்துகொண்டார். சிலர் கைதட்டினார்கள். "அதாலை கழுத்தின்ரை அருமை எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் மலர் அச்சாகியாச்சு. நடந்ததை மலரிலை போடுறது சாதாரண சங்கங்கள் செய்யிற வேலை. நாங்கள் மலரிலை போட்டதை நடத்திக் காட்டுறனாங்கள். அதுதான் எங்கட பாரம்பரியம்."

"இவருக்குக் கை இழுத்திடும் எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார் சேர்," என்றான் நிக்கலஸ்.

"விளங்குது. அப்பிடி ஒண்டு நடந்தால் சம்மேளனம் சும்மா இருக்குமோ? அனுதாபத் தீர்மானம் கொண்டு வருவம். ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கு. விழா முடிஞ்ச கையோடை ஆக்கள் வெளிநாட்டுக்குப் போயிடுவினம், கூட்டத்துக்கு ஆள் சேராது. இண்டைக்கு எல்லாரும் இருக்கிறம். இப்பவே செய்து முடிச்சுவிடுவம்."

தயாபரன் தீர்மானத்தை வாசித்தார். செல்லையா அவர்களின் கழுத்துக்கு ஏற்படக்கூடிய பாதிப்புக்குச் சம்மேளனம் தனது ஆழ்ந்த அனுதாபத்தை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறது என்று இருந்தது. ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். பிறகு எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள்.

வாசலோரத்துக் கதிரையில் இருந்த செல்லையாவும் எழுந்து நின்றான். எழும்பாமல் இருந்தால் மரியாதையில்லை என்று நினைத்திருப்பான். தலையைக் குனிய அவனுக்கு முடியாது, ஆகவே நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நிக்கலஸும் நின்றான். எனக்கு இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு மனிதன் தன்னுடைய சொந்தக் கழுத்துக்கு நடக்கும் அஞ்சலியில் நிற்கிறான், பக்கத்தில் அவனுடைய தோழன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். மௌனம் முடிந்ததும் ரோல்ஸும் தேத்தண்ணியும் வந்தன. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

படியிறங்கும்போது தயாபரன் நிக்கலஸின் தோளைத் தொட்டார். "ஏலாது எண்டால் பரவாயில்லை, வற்புறுத்தேல்லை. வத்தளையிலை அபிஷன் எண்டு ஒரு ஜிம் பெடியன் இருக்கிறான். கோமானா நான் வாறன் எண்டு ஒரே டெலிபோன். மாணிக்கம் எண்டது சம்மேளனத்தின்ரை பேர்தானே, ஆர் போட்டாலும் பொருந்தும்."

பஸ் தரிப்பில் இரண்டு பேரும் நின்றார்கள். காலி வீதியில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"நீ வராத செல்லையா," என்றான் நிக்கலஸ். "வருத்தம் எண்டு சொல்லிடுவம்."

"நான் வரல்லன்னா அந்தப் பொடியனக் கோமானாக்கிடுவாங்க. உங்க விழா அண்ணே. இத்தன வருசம் கழிச்சு உங்களுக்குன்னு ஒண்ணு எடுக்கிறாங்க." செல்லையா கழுத்தைத் திருப்ப முடியாமல் முழு உடம்பையும் அவன் பக்கம் திருப்பினான். "தோளுக்கு மேல கொண்டுபோங்க. பெறகு ஒங்க முழங்கால்ல வச்சு மெதுவா எறக்கிடுங்க. நான் கத்துற கத்துல நெலம் அதிர்ந்த மாதிரி இருக்கும். நீங்க தூக்கினா எனக்கென்ன பயம்?"

"மெதுவாத்தான் வைப்பன். சத்தியமா."

அந்த இடத்தில் 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லை நிக்கலஸ் இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டார்கள்.

விழாவன்று றோஸி மேலங்கியை அயன் பண்ணிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றாள். "அந்த மனுசன் கழுத்தை உங்கட கையில தந்திட்டு வருது. தோத்தா என்ன? தோத்திட்டு வந்தா நான் சோறு போடமாட்டன் எண்டா சொன்னனான்?" என்றாள். நிக்கலஸ் ஜிகினா பூசிய முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, எல்லாம் கதைத்து வைத்திருக்கிறது என்றான்.

மண்டபம் நிறைந்திருந்தது. பிரதம அதிதி பிந்தி வந்தார். பிந்தி வராதவரைப் பிரதம அதிதி என்று யாரும் மதிப்பதில்லை. விளக்கின் திரி மின்விசிறிக் காற்றில் அணைந்து அணைந்து போனது. வரவேற்புரை ஆற்றியவர் மல்யுத்தத்தைச் சங்க காலத்திலிருந்து தொடங்கி, பல்லவரிடம் வரும்போதே தண்ணீர் கேட்டார். பிரதம அதிதி தன் உரையில், மல்யுத்தமும் தண்ணீர்த் தாங்கியும் ஒன்றுதான், இரண்டுக்கும் உறுதி முக்கியம் என்றார். ஹோல் காவலாளி மேடைக்கு அருகில் வந்து, "மஹத்தயா, தங் வஹன்ன ஓன," என்று, மண்டபத்தைப் பூட்ட வேண்டிய நேரம் நெருங்குவதைத் தயாபரனிடம் சிங்களத்தில் ஞாபகப்படுத்தினான். அதற்குப் பிறகுதான் பப்பரே முழங்கியது.

நிக்கலஸ் வந்தான். சனம் எழும்பி நின்றது. களஞ்சியசாலை ஆட்கள் பின் வரிசைகளில் இருந்தார்கள், கொட்டாஞ்சேனையே வந்திருந்தது. செல்லையா கறுப்பு முகமூடியோடு மறுபக்கத்தால் ஏறினான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் உறுமினார்கள், சுற்றினார்கள், தள்ளினார்கள். பிறகு நிக்கலஸ் அவனைத் தூக்கினான். தோளுக்கு மேல் கொண்டுபோனான். சொன்ன சொல்லின்படி முழங்காலில் வைத்து, மெதுவாக, பூப்போல இறக்கிக் கம்பளத்தில் கிடத்தினான். செல்லையா மண்டபம் அதிரக் கத்தினான்.

ஆனால் அவன் கத்தியது முதுகு கம்பளத்தைத் தொடுவதற்கு முன்னால்.

பிறகு பின் வரிசையிலிருந்து களஞ்சியசாலைக் குரல் ஒன்று, "என்னடாப்பா, பிள்ளைத்தாச்சியக் கட்டில்ல கிடத்துற மாதிரி," என்றது. சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி மண்டபம் முழுக்கப் பரவியது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பப்பரேக்காரர்களும் சிரித்தார்கள். பிரதம அதிதி மடியில் இருந்த மலரை விரித்து, படத்தைத் தலைவருக்கு விரலால் தொட்டுக் காட்டினார். இது அதுபோல இல்லையே என்று அவர் கேட்டது முன்வரிசைக்குக் கேட்டது.

விஸ்வகீர்த்தி ஒலிவாங்கியை எடுத்தார். "சபையோர்களே, நீங்கள் இப்போது கண்டது ஒத்திகை. நமது சம்மேளனம் ஒளிவு மறைவற்றது. ஒத்திகையைக்கூட மக்கள் முன்னால்தான் நடத்துகிறது. இனி, மலரில் கண்டவாறே மாணிக்கக் கோமான் அவர்கள் நிகழ்த்திக் காட்டுவார். படப்பிடிப்பாளர் தயவுசெய்து கிட்ட வரவும்."

"பொய்யடா," என்று யாரோ கத்தினார்கள். அதை இன்னும் பலர் பிடித்துக்கொண்டார்கள். பொய், பொய் என்று கதிரைகளில் தட்டிக்கொண்டு பாட்டாகப் படித்தார்கள்.

செல்லையா கிடந்தபடியே, "சிரிக்கட்டும் அண்ணே, முடிஞ்சிருச்சு. போவோம்," என்றான். அவனுடைய குரல் முகமூடிக்குள்ளிருந்து தெளிவாகத்தான் வந்தது.

நிக்கலஸ் குனிந்தான். அவனுடைய முகம் ஜிகினாவுக்குக் கீழே கொதித்துக்கொண்டிருந்தது. செல்லையாவின் இடுப்பைப் பிடித்து எழுப்பினான். இதில் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. இவ்வளவு பாரமான ஒருவனைத் தலைக்கு மேல் தூக்குவது தூக்குகிறவனின் பலத்தால் மட்டும் நடப்பதில்லை. தூக்கப்படுகிறவன் ஒரு சின்ன உந்து உந்திக் கொடுக்க வேண்டும். செல்லையா உந்திக் கொடுத்தான். அண்ணன் இன்னொரு தரம் மெதுவாக வைக்கப் போகிறான் என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு உந்திக் கொடுத்தான்.

தலைக்கு மேலே போன பிறகுதான் அவனுக்கு நிக்கலஸின் பிடி விளங்கியிருக்கும். அவன் நிக்கலஸின் தோளில் தட்டினான். போதும், நிறுத்து என்று சொல்ல அவர்களுக்குள் இருந்த அடையாளம் அது, கார்னிவல் காலத்திலிருந்தே. நிக்கலஸுக்கு அந்தத் தட்டல் தெரிந்தது. ஒரு தரம் தெரிந்தது, இன்னொரு தரமும் தெரிந்தது. பொய் பொய் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது.

எறிந்தான்.

மலரில் இருந்தது போலவே நடந்தது. நிலம் அதிர்ந்தது, அரங்கம் எழுந்து நின்றது. அவனுடைய வாழ்க்கையில் அப்படி ஒரு கைதட்டலை அவன் கேட்டதில்லை. பிரதம அதிதி கோதாவுக்கு ஏறி அவனுடைய கையைப் பிடித்து உயர்த்தினார். நிக்கலஸ் கீழே பார்த்தான். செல்லையாவின் விரல்கள் கம்பளத்தில் விரிந்தபடி கிடந்தன, ஒன்றும் அசையவில்லை. அவன் பார்த்தான், பார்த்துக்கொண்டே கையை உயர்த்தியபடி நின்றான். படப்பிடிப்பாளர் இன்னொன்று எடுக்க வேண்டும், கொஞ்சம் சிரியுங்கோ என்று கேட்டார். அதற்கும் நின்றான்.

நன்றியுரைக்குத் தயாபரன் வந்தார். அதிதிகளுக்கு, போஷகர்களுக்கு, மண்டபம் தந்தவர்களுக்கு, ரோல்ஸ் தந்தவர்களுக்கு எல்லாம் நன்றி சொன்னார். "இறுதியாக, இவ்வளவு நேரமும் ஒரு விரல்கூட அசையாமல் கிடந்து, நடிப்பின் சிகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இனந்தெரியாதவருக்கும் எமது நன்றிகள்." சபை விழுந்து விழுந்து கைதட்டியது. சம்மேளன கீதத்துக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

லைட்டுகளை அணைத்துக்கொண்டு வந்த காவலாளிதான் கோதாவுக்குக் கிட்டப் போய், "மேயா நெகிட்டின்னே நே," என்றான். இந்த ஆள் எழும்புகிறார் இல்லை என்று அர்த்தம். நிக்கலஸ் அப்போதும் ஜிகினா முகத்தோடு அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

செல்லையாவுக்கு இரண்டு கையும் செயலற்றுப் போய்விட்டது. ஒப்பரேஷன் செய்தார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

நிக்கலஸ் மேல்மாடிக்குப் போய்த் தலைவருக்கு முன்னால் நின்றான். "நான் பிழை செய்திட்டன் சேர். அவர் தட்டினவர். நான் விடேல்ல."

"சத்தம் போடாதேயும்," என்றார் விஸ்வகீர்த்தி. "பிழை எண்டு சொன்னால் விசாரணைக்குழு போட வேணும். விசாரணை எண்டால் என்னையும் கூப்பிட்டுக் கேப்பினம். நான் கேள்வி கேக்கிற ஆள், பதில் சொல்லிப் பழக்கமில்லை. விழுந்தவர் பிழையா விழுந்தவர் எண்டு அறிக்கையிலை போட்டாச்சு. அந்த மனுசனும் அப்பிடித்தான் சொல்லுதாம். பிறகேன் நீர் குழப்புறீர்?"

"அந்த வீட்டுக்கு ஏதாவது உதவி…"

"அனுதாபம் முந்தியே தெரிவிச்சாச்செல்லே. ஒரே கழுத்துக்கு இரண்டு தரம் மௌனம் காக்க எங்கட விதியிலை இடமில்லை." அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு சான்றிதழை எடுத்தார். நிக்கலஸுக்கு 'மல்யுத்த மாமணி' என்ற பட்டம் கொடுக்கத் தீர்மானமாகியிருந்தது. நிக்கலஸ் அதை இரண்டு கையாலும் வாங்கினான். அவர் நீட்டினார், இவன் வாங்கினான், அவ்வளவுதான்.

அடுத்த நாள் பின்னேரம், நோயாளர் பார்க்கும் நேரத்துக்கு, நிக்கலஸ் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனான். றோஸி அவனோடு கதைக்காமல் விட்டிருந்தாள். ஆனாலும் செல்லையா வீட்டுக்கென்று கோழிச் சூப்பை ஒரு பிளாஸ்க்கில் ஊற்றிக் கதவடியில் வைத்திருந்தாள். பஸ்ஸில் அவன் செல்லையாவின் மனைவியிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் பலதரம் சொல்லிப் பார்த்தான். 'அவர் தட்டினவர் தங்கச்சி. எனக்குத் தெரிஞ்சது. நான்தான் எறிஞ்சனான்.' கஷ்டமான வசனங்கள் இல்லை. வார்ட்டுக்குள் நுழையும்வரைக்கும் அவை வாயில்தான் இருந்தன.

செல்லையா கழுத்துப் பட்டியோடு மல்லாந்து கிடந்தான். மனைவி இராமலெட்சுமி பக்கத்தில் இருந்து அவனுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நிக்கலஸைக் கண்டதும் எழுந்து தன்னுடைய கதிரையைக் கொடுத்தாள்.

"வாங்க அண்ணே. வந்தீங்களே. இந்த மனுசன நல்லா நாலு வார்த்த கேளுங்க," என்றாள். "நீங்க அவ்வளவு பக்குவமாத்தான் எறக்கினீங்களாம். இவருதான் அவசரப்பட்டுப் பிழையா விழுந்தாராம். சங்கத்து ஆளுங்களும் அப்படித்தான் சொன்னாங்க, இவரும் அதத்தான் சொல்றாரு. இத்தன வருசம் விழுந்த மனுசனுக்கு விழத் தெரியாதா? நான் சொன்னா காதுல வாங்க மாட்டாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. சொல்லுங்கண்ணே."

செல்லையாவுக்குத் தலையைத் திருப்ப முடியாது. கண்ணை மட்டும் திருப்பி நிக்கலஸைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்வது போலவும் இருந்தது, ஒன்றும் சொல்லாதது போலவும் இருந்தது. இராமலெட்சுமி கரண்டியைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றாள். நிக்கலஸ் வாயைத் திறந்தான்.

"இனி பாத்து விழ வேணும், செல்லையா," என்றான்.

"சரிங்க அண்ணே," என்றான் செல்லையா.